சம்பளக்காரி பெயரில்

அத்தியாயம் 14

ஞாயிறு மத்தியானம் மாட்டுக்கறிக் குழம்பைப் பிசைந்துகொண்டே மெர்சி ஒரு வார்த்தை சொன்னதும், அவள் அண்ணன் மதியழகன் எச்சில் கையோடு எழுந்து போய் அதைக் காலண்டர் ஓரத்தில் கிறுக்கி வைத்ததும் நினைவிருக்கும். அவள் வேலை பார்க்கும் ஊதுபத்திக் கம்பெனி துபாய்க்கு அனுப்பப் போகிற புதுப் பத்தியின் பெயர் அது. வனமோகினி.

அப்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு வீட்டில் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் ஆபீஸ் கதை பேசாமல் வேறெதைப் பேசுவார்கள்?

கோலார் தங்கவயலில் இருபத்தொன்பது வருஷம் பூமிக்குள் இறங்கி ஏறிய தியோடர், வி.ஆர்.எஸ். பணத்தையும் நெஞ்சு நிறையக் கல்தூசியையும் வாங்கிக்கொண்டு ஸ்ரீராம்புரத்துக்குக் குடிவந்து இரண்டு வருஷம் ஆகிறது. மனைவி தங்கவயல் கல்லறைத் தோட்டத்திலேயே தங்கிவிட்டாள். மகன் மதிக்கு வேலை போய் எட்டு மாதம். மாதம் பிறந்தால் சம்பளம் என்று ஒன்று வருவது மகள் மெர்சியின் கையால்தான்.

வியாழக்கிழமை காலை. பத்து மணிக்கு முன்னால் எழுந்திராத மதி ஏழு மணிக்கே எழுந்து வாசற்படியில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"மெர்சி, உங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டரை யாரு திறப்பாங்க?"

"முதலாளி. ஏன்?"

"எத்தினி மணிக்கு?"

"பத்து, பத்தரை. உனக்கு இன்னாத்துக்கு?"

"சும்மா கேட்டேன். சும்மா கேக்கக் கூடாதா?"

சாக்கடையில் நுரையைத் துப்பிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. அதை யோசிக்க நேரமும் இல்லை. பின்னல் போட்டு முடிக்காமலே ஓடினாள்.

சித்ரவல்லி அகர்பத்தி வொர்க்ஸ் ராஜாஜிநகரில் ஒரு மாடிக் கட்டடம். கீழே அறுபது பெண்கள் கரித்தூளும் மரத்தூளும் குழைத்த கறுப்பு மாவைக் குச்சியில் உருட்டுவார்கள். மேலே ஆபீஸ். புதிதாக உள்ளே வருகிறவர்கள், "ஆஹா, என்ன வாசனை!" என்பார்கள். இரண்டு வருஷமாக அதை மூச்சாக இழுக்கிற மெர்சிக்கு அது வாசனை இல்லை, தலைவலி. உருட்டுகிற பெண்கள் எச்சில் துப்பினால் அது கறுப்பாக விழும். அப்பாவின் எச்சில் சாம்பல் நிறம். நிறம்தான் வேறு.

பதினொரு மணிக்கு முதலாளி பாலசுப்ரமணியன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். தாத்தா காலத்தில் பெங்களூருக்கு வந்த குடும்பம். திட்டுவதற்குக் கன்னடம், வியாபாரத்துக்கு இங்கிலீஷ், சாமி கும்பிட மட்டும் தமிழ் என்று கீழே பெண்கள் கேலி பேசுவார்கள். அன்றைக்கு மூன்றும் கலந்து வந்தது.

"யாரு கள்ளா? இந்த ஆபீஸ்ல யாருய்யா கள்ளா?"

கையில் ஒரு தாள். காலையில் வந்த ஈமெயிலை அச்செடுத்திருந்தார். சத்தமாகப் படித்தார். வனமோகினி டாட் காம் என்ற இணையப் பெயர் எங்கள் வசம் இருக்கிறது, தங்களுக்குத் தேவையென்றால் மூன்று லட்சம் ரூபாய், பத்து நாள் கெடு, தவறினால் வேறு கம்பெனிக்கு விற்கப்படும். கீழே பெயர் இல்லை.

"பன்னெண்டாயிரம் அட்டைப்பெட்டி அச்சகத்துல ரெடியா நிக்குது. ஒவ்வொரு பெட்டி அடியிலயும் இந்த விலாசம் இருக்கு. துபாய்க்காரன் அதைப் பார்த்துத்தான் ஆர்டரே குடுத்தான். அடுத்த வாரம் நாம வாங்கலாம்னு இருந்தா, எவனோ அதுக்கு முன்னாடியே வாங்கிட்டான். எப்படி?"

மெர்சிக்கு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. காலண்டர் ஓரம் கண்ணில் வந்து நின்றது. அதில் ஒட்டியிருந்த குழம்புக் கறைகூட.

"இந்த ஊர்ல இந்தப் பேர் தெரிஞ்சது நாலே பேருக்கு. நான். அச்சகத்துக்காரர். ஃபேக்ஸ் அனுப்பின மெர்சி. லெட்டர் டைப் அடிச்ச..." அவர் பார்வை மூலை மேஜையில் போய் நின்றது. "ராமலிங்கம், உங்க மருமகன் எங்க வேலை செய்றான்?"

ராமலிங்கம் எழுந்து நின்றார். ஐம்பத்தாறு வயது. இருபத்தேழு வருஷமாக அதே மேஜை. "கம்ப்யூட்டர் கடையில சார். எஸ்.பி. ரோட்டுல."

"ஓ. கம்ப்யூட்டர் கடை."

அந்த இரண்டு வார்த்தையோடு விசாரணை முடிந்தது. வாட்ச்மேனைக் கூப்பிட்டார். "அவர் பையை எடு. மேஜை மேல கொட்டு."

பழைய ரெக்ஸின் பை. கண்ணாடிக் கூடு, பஸ் பாஸ், ஒரு மாத்திரை அட்டை, டிபன் கேரியர்.

"கேரியரையும் திற."

"அதுல தயிர்சாதம் சார்."

"தயிர்சாதத்துக்குள்ள ப்ளாப்பி வைக்க முடியாதா? எனக்குக் காது குத்தாதீங்க."

வாட்ச்மேன் அப்போதுதான் உள்ளங்கையில் புகையிலை கசக்கி வாயில் அதக்கியிருந்தான். அதே கையின் இரண்டு விரலைத் தயிர்சாதத்துக்குள் விட்டுத் துழாவினான். அடிவரைக்கும். ஒன்றும் அகப்படவில்லை. என்ன அகப்படும்? விரலைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

மெர்சி பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தச் சோதனையைப் பற்றிச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறாள். தங்கவயலில் ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து மேலே வருகிறவர்களை வாசலில் நிறுத்தி, துணியை அவிழ்க்கச் சொல்லி, தலைமுடிக்குள் விரல் விட்டு, கடைசியில் வாயைத் திற, நாக்கைத் தூக்கு என்பார்கள். தங்கத்தைக் கொண்டுபோகிறவன் நாக்குக்கு அடியில்தான் உருட்டி வைத்துக்கொண்டு போவான். அப்பா இருபத்தொன்பது வருஷம் நாக்கைத் தூக்கிக் காட்டினார். ஒரு பொட்டுக்கூட இருந்ததில்லை.

இந்த ஆபீஸிலிருந்தும் பொருள் வாயில்தான் வெளியே போயிருக்கிறது. பையில் தேடினால் கிடைக்குமா?

சொல்லு என்றது மனசு. நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்பாவின் மருந்துச் சீட்டு, வீட்டு வாடகை, மதியின் முகம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

ராமலிங்கம் ஒரு தடவை நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார். மெர்சியின் மேல் பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்றதோ? அவள் ஃபேக்ஸ் மிஷினைப் பார்த்தாள்.

ஒரு மணிக்கு அவர் அந்தச் சாப்பாட்டையே சாப்பிட்டார். கொட்டியிருக்கலாம். கொட்டுவார் என்றுதான் அவள் நினைத்தாள். குனிந்த தலை நிமிராமல், புகையிலை விரல் துழாவிய தயிர்சாதத்தை உருட்டி உருட்டி, ஊறுகாயைத் தொட்டு, கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார். வீட்டில் ஒருத்தி விடியலில் எழுந்து கட்டிக் கொடுத்தது.

மெர்சி தன் டப்பாவைத் திறக்கவே இல்லை.

இரண்டு மணிக்கு முதலாளி அவரை உள்ளே கூப்பிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராமலிங்கம் குனிந்து ஏதோ எழுதுவது தெரிந்தது. மூன்று மணிக்கு ரெக்ஸின் பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் படியிறங்கிப் போனார்.

*

ஐந்தரைக்கு மெர்சி வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஐந்தாவது கிராஸ் தெருவில் மதியின் சிநேகிதன் கவியரசனின் நெட் சென்டருக்குப் போனாள். பழைய மாவு மில்லைத் தடுத்து ஆறு கம்ப்யூட்டர் போட்டிருந்தான். மூலையில் வெற்றிலைத் துப்பல், ஜன்னல் இல்லாத புழுக்கம், ஒரு மணிக்கு முப்பது ரூபாய்.

மதி கடைசி மிஷினில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"வா, வா. ஆபீஸ்ல இன்னா விசேஷம்?" குரலைத் தாழ்த்தினான். "ஆளு ஆடிப்போயிருப்பானே?"

"ஆடிப்போனாரு. ராமலிங்கம் சாரோட டிபன் கேரியர்ல கையை விட்டுத் தேடினாங்க."

மதி சிரித்தான். "டிபன் கேரியர்லயா? கவி, கேட்டியா? டாட் காமை டிபன் கேரியர்ல தேடறானுங்களாம்!" கல்லாவில் இருந்த கவியரசனும் சிரித்தான்.

"சிரிக்காதண்ணா. நீதானே?"

"நான்தான். நானேதான். உக்காரு, சொல்றேன்."

மடியிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தான். அவள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் காம்போசிஷன் எழுதிய நோட்டு, மிச்சப் பக்கங்கள் வீணாகக் கூடாதென்று வைத்திருந்தது. அதில் வரிசையாகப் பெயர்கள்.

"இது மனைக்கட்டு மாதிரி. காலி இடம். முதல்ல போயி கம்பு நட்டவனுக்குச் சொந்தம். அமெரிக்காவுல ஒருத்தன் ஒரே ஒரு வார்த்தையை முப்பது கோடிக்கு வித்தான், பேப்பர்ல வந்துச்சு. ஒரு பேருக்கு வருஷத்துக்கு முப்பத்தஞ்சு டாலர். நமக்குக் கிரெடிட் கார்டு கிடையாது, கவிக்கு இருக்கு. அவன் கார்டுல போட்டு மேல இருநூறு எடுத்துக்குவான். அவ்ளோதான். வெயிலு இல்ல, வேர்வை இல்ல."

"எத்தினி வாங்கியிருக்க?"

"இருவத்திமூணு."

"பணம்?"

"அப்பா குடுத்தாரு."

மெர்சி நோட்டைத் திருப்பினாள். மல்லேஸ்வரத்து ஸ்வீட் கடை, ஒரு கல்யாண மண்டபம், இரண்டு சினிமாத் தியேட்டர், ஒரு கோயில். எட்டாவது வரியில் கண் நின்றது. அம்மா கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரியின் பெயர்.

"இதையும் விடலையா நீ?"

"ஆஸ்பத்திரிதான் பெருசா குடுக்கும். வியாபாரத்துல சென்டிமென்ட் பார்க்கக் கூடாது."

"இதுவரைக்கும் எத்தினி வித்திருக்க?"

மதி நோட்டை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். கவியரசன் கல்லாவிலிருந்து சொன்னான்: "போணியே ஆகல. ஸ்வீட் கடைக்காரன் போன்லயே செருப்பால அடிப்பேன்னான். யாருக்கு இன்னா தேவைன்னு தெரியாம வாங்கினா அப்படித்தான். இது ஒண்ணுதான் சரியான சரக்கு. உள்ளேயிருந்து வந்த சரக்கு."

உள்ளேயிருந்து வந்த சரக்கு. தன்னைத்தான் சொல்கிறான் என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. எழுந்து கையைக் கழுவ வேண்டும் போல இருந்தது.

"திருப்பிக் குடுத்துடுண்ணா. நீ வாங்கின விலைக்கே குடு. அந்த மனுஷன் வேலை போயிடும்."

"போனா போவட்டும், ரெண்டு வருஷத்துல எப்படியும் ரிட்டயர் ஆவப்போறவன். மெர்சி, மூணு லட்சம்! அதுல அம்பதாயிரம் உனக்கு. உன் வாயிலேர்ந்துதானே வந்துச்சு."

"எனக்கு வேணாம்."

"வேணாம்னா நடக்காது. பேரு உன் பேர்லதான் இருக்கு."

"இன்னாது?"

அவன் ரொம்ப இயல்பாகச் சொன்னான். ஃபாரத்தில் உரிமையாளர் யார் என்று ஓர் இடம் கேட்டிருந்தது. அங்கே மெர்சி தியோடர் என்று அடித்தான். இருபத்துமூன்றுக்கும். ஸ்ரீராம்புரம் வீட்டு விலாசம். போன வருஷம் வேறு வேலைக்கு மனுப் போட அவளுக்கென்று அவன் திறந்து கொடுத்த ஈமெயில்.

"என்னைக் கேக்காம எப்படி எழுதின?"

"வேற யார் பேர்ல எழுதறது? சம்பளம் வாங்கறது நீதானே?"

அவனுக்கு அது கேள்வியாகவே தோன்றவில்லை. தங்கவயலில் பிறந்த யாருக்கும் தோன்றாது. கம்பெனி கட்டிக் கொடுத்த லைன் வீடு, வேலைக்கான டோக்கன் வைத்திருக்கிறவன் பெயரில். ரேஷன் கார்டு அவன் பெயரில். கம்பெனி ஆஸ்பத்திரியில் பிரசவம் என்றாலும் டோக்கன் நம்பர் என்ன என்பதுதான் முதல் கேள்வி. சம்பளக்காரன் பெயரில் எழுதாத காகிதம் செல்லாத காகிதம். அந்தப் பழக்கத்தில், உலகம் முழுக்கத் தெரிகிற ஒரு பலகையில் தங்கச்சியின் பெயரை எழுதி மாட்டிவிட்டு வந்திருக்கிறான்.

"இதை வேற யாராவது பார்க்க முடியுமா?" என்று கவியரசனைக் கேட்டாள்.

"யார் வேணும்னாலும் பார்க்கலாம். எந்தப் பேர் யாருக்குச் சொந்தம்னு தேடறதுக்கே ஒரு பக்கம் இருக்கு. தேடத் தெரியணும், அவ்ளோதான்."

"ஊதுபத்திக்காரனுக்கு எங்க தெரியப்போவுது?" என்றான் மதி. "தெரிஞ்சவனா இருந்தா, பெட்டியை அச்சடிச்சப்புறமா பேரை வாங்கப் போவான்? நீ வாயை மூடிக்கினு இரு. ராத்திரிக்கு இன்னொரு பத்திக் கம்பெனிக்கும் மெயில் போடப் போறேன். போட்டி இருந்தாத்தான் விலை ஏறும்."

*

வீட்டில் தியோடர் கட்டிலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். காலடியில் துப்புவதற்கு மண் போட்ட டப்பா. மெர்சி செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

அப்பா எழுந்து கத்துவார் என்று நினைத்தாள். இந்த ஒரு விஷயத்தில் அவரைத் தெரியும் அவளுக்கு. ஒரு பொட்டுத் தங்கம் எடுத்துவந்த பக்கத்து லைன்காரனோடு, அவன் சாகும்வரை பேசாதவர்.

தியோடர் இருமி முடித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்ளோ கேட்டிருக்கான்?"

"மூணு லட்சம்."

"குடுப்பானா?"

மெர்சி செருப்போடு உள்ளே வந்துவிட்டாள். "அப்பா, அந்த மனுஷன் சாப்பாட்டுல கையை விட்டாங்கப்பா."

"என் வாயில விட்டானுங்க. இருவத்தொம்போது வருஷம். ஒருத்தன் வந்து நியாயம் கேட்டானா? சுத்தமா இருந்தேன். சுத்தத்துக்கு இன்னா குடுத்தானுங்க?" டப்பாவைக் காலால் தள்ளிக் காட்டினார். "இதக் குடுத்தானுங்க."

"அதுக்காக..."

"அதுக்காகத்தான். பையன் சொன்னான், பூமிக்குள்ள இறங்காம தோண்டற வேலைன்னு. சரி, தோண்டுன்னு குடுத்தேன். அந்தாளுக்காக நீ வேலையை விட்டுடாத. நாளைக்கு அவன் பொண்டாட்டியா எனக்கு மருந்து வாங்கித் தரப்போறா?"

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குக் குமட்டியது. வேறு யார் சொல்லியிருந்தாலும் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பாள். அப்பாவை எங்கே துப்புவது?

மண் டப்பாவை எடுத்துப் போய்ச் சாக்கடையில் கொட்டிக் கழுவி, புது மண் போட்டு அதே இடத்தில் வைத்தாள். பிறகு வெளியே நடந்தாள்.

"எங்க போற?"

"வந்துடறேன்."

*

மதி நெட் சென்டரில் இல்லை, டீ குடிக்கப் போயிருந்தான். அது வசதியாயிற்று.

"அந்த ஈமெயில் என்னுதுதானே?" என்று கவியரசனிடம் கேட்டாள். "அதோட பாஸ்வேர்டை எனக்கு மாத்தணும்."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "மாத்தினா உங்க அண்ணன் உள்ள போவ முடியாது. பேரை யாருக்கும் மாத்தவும் முடியாது. அந்த மெயில்லேர்ந்து சரின்னு சொன்னாத்தான் கைமாறும்."

"அதுக்குத்தான்."

"சண்டைக்கு வருவான்."

"வரட்டும்."

கவியரசன் கொஞ்சம் யோசித்தான். மனசாட்சியோடு போராடுகிறான் என்று அவள் நினைத்தாள். "இருவது ரூபா ஆவும்" என்றான்.

பழைய பாஸ்வேர்டு அம்மாவின் பெயர். கேத்தரின். போன வருஷம் அவள் எதிரிலேயே அண்ணன் வைத்தது. அதை அழித்துப் புதிதாக ஒன்றை அடித்தாள். பிறகு வனமோகினி யாருக்குச் சொந்தம் என்று காட்டும் பக்கத்தையும் அச்செடுக்கச் சொன்னாள். அதற்குத் தனியாக ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டான். புழுதி நிற எழுத்தில் தாள் வந்தது. மெர்சி தியோடர், ஸ்ரீராம்புரம், பெங்களூர். ஞானஸ்நானச் சீட்டுக்கும் சம்பளச் சீட்டுக்கும் அப்புறம் அவள் பெயர் அச்சில் வந்தது இதுதான்.

*

ராமலிங்கத்தின் வீடு ஒக்கலிபுரத்தில், ரயில் போனால் பாத்திரம் அதிர்கிற சந்தில். தீபாவளி இனாம் கொடுக்க ஒரு தடவை வந்திருக்கிறாள். கதவைத் திறந்தது அவர் மனைவி மரகதம். உள்ளே வா என்று சொல்லவில்லை.

ராமலிங்கம் பனியனோடு வந்து நின்றார்.

"சார், அதைப் பண்ணினது..."

"உங்க வீட்டாளு யாரோ" என்றார் அவர்.

மெர்சி அச்செடுத்த தாளைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"பேர் தெரிஞ்சது நாலு பேருக்கு. நான் சொல்லல. முதலாளி சொல்ல மாட்டாரு. அச்சகத்துக்காரருக்குக் கம்ப்யூட்டரைத் தொடவே பயம். மிச்சம் யாருன்னு எனக்கு எண்ணத் தெரியாதாம்மா?"

"அப்போ ஏன் சார் சொல்லல?"

"நீ அங்கதானே நின்ன. நீ சொல்வேன்னு பார்த்தேன்."

ஒரு கூட்ஸ் வண்டி போயிற்று. உள்ளே பாத்திரங்கள் அதிர்ந்தன.

"உன்மேல இரக்கப்பட்டுச் சும்மா இருந்தேன்னு நினைக்காத. கையில சாட்சி இல்ல, அதான். சாட்சி இல்லாம ஒரு பொண்ணு பேரை இழுத்தா, தப்பிக்கறதுக்கு இழுக்கறான்னு சொல்வாங்க."

"மத்தியானம் உள்ளே ஏதோ எழுதினீங்களே?"

பதில் சொன்னது மரகதம். "இவர்தான் பண்ணினாருன்னு எழுதி வாங்கிக்கிட்டான் அந்தாளு. எழுதினா போலீசு இல்லியாம், மருமகனை இழுக்க மாட்டானாம். இருபத்தேழு வருஷத்து கிராஜுவிட்டி வேணாம்னும் எழுதி வாங்கிக்கிட்டான். அது மூணு லட்சத்துக்கு மேல வரும். அந்தப் பாழாப்போன டாட் காம் பேருக்குக் குடுக்க வேண்டியதை இவர் கணக்குலேர்ந்து எடுத்துட்டான். உங்க ஆளு கேட்டது முதலாளியை. குடுத்தது நாங்க."

மெர்சி கணக்குப் போட்டுப் பார்த்தாள். மதி விற்கிறான். கவியரசன் விற்கிறான். காலையில் கள்ளன் கள்ளன் என்று கத்திய முதலாளி, மத்தியானத்துக்குள் அந்தத் திருட்டை வைத்தே லாபம் பார்த்துவிட்டார். பத்தி உருட்டுகிற கை மட்டும்தான் கறுப்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

தாளை நீட்டினாள். "சாட்சி, சார்."

ராமலிங்கம் கண்ணாடி போட்டு அதைப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். "இதை நான் கொண்டுபோய்க் குடுத்தா உன் வேலை போவும். போலீசும் வரலாம். தெரியுமா?"

"தெரியும் சார்."

"குடுங்க" என்றாள் மரகதம் புருஷனிடம். "இன்னா பார்த்துக்கினு நிக்கறீங்க? கொண்டுபோய்க் குடுங்க."

"அவர் போக வேணாம்மா. காலையில நான் சொல்லியிருக்க வேண்டியது. நானே சொல்றேன்."

யாரும் அவளைத் தடுக்கவில்லை. மரகதம் கதவைச் சாத்தவும் இல்லை. வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், இந்தப் பெண் நிஜமாகவே போகிறாளா என்று.

சந்து முனையில் பெட்டிக்கடை. அதன் கம்பியில் ஒரு மஞ்சள் காயின் போன் தொங்கியது. முதலாளி வீட்டு நம்பர் அவளுக்கு மனப்பாடம். அவர் பெண்டாட்டிக்கு மாதாமாதம் பத்திப் பொட்டலம் அனுப்புவதும் அவள் வேலைதான். பர்சில் தேடினாள். ஒரே ஒரு ரூபாய் நாணயம் இருந்தது. பேச மூன்று நிமிஷம்.

நம்பரைச் சுழற்றும்போதே ரயில் பாலத்தடியில் யாரோ ஓடி வருவது தெரிந்தது. மதி. கையில் அந்தக் கோடு போட்ட நோட்டு. "ஏய் மெர்சி! அந்தாளு வீட்டுக்குத்தான் வந்திருப்பேன்னு தெரியும். பாஸ்வேர்டை இன்னாடி பண்ண? மெர்சி!"

மணி அடித்தது. மறுபடி அடித்தது. மதி சாக்கடையைத் தாண்டிவிட்டான்.

"ஹலோ. யாரு?"

நாணயம் உள்ளே விழுந்தது.

நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் பார்த்தது. ஷிப்ட் முடிந்து வாசலில் நிற்கிறவனைப் போல மெர்சி வாயை அகலத் திறந்தாள்.

"சார், மெர்சி பேசறேன். நீங்க ராமலிங்கம் சாரோட டிபன் கேரியர்ல தேடினது தப்பு சார். என் வாயில தேடியிருக்கணும்."